கடைசித் தீர்ப்பு யார் கையில்?

1983 ஜனவரி 21. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் மன்றோ என்ற ஊர். அங்கே மிஸ்கோ என்ற காகித ஆலையின் வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு போலீஸ்காரர் ஒரு காரைக் கண்காணித்துக்கொண்டிருந்தார். காருக்குச் சொந்தக்காரர் அந்த ஆலைத் தொழிலாளி. ஓடும் காகித உருளையைக் கூரிய கத்திகளால் நறுக்கிச் சுற்றும் இயந்திரத்தை இயக்குபவர். வேலையில் குறை இருப்பதாகச் சில மாதங்களில் இரண்டு முறை எச்சரிக்கை வாங்கியிருந்தார். இரண்டாவது எச்சரிக்கை வந்தது அதற்கு முந்தைய நாள்தான். ஜனவரி 21 அன்றே அவருடைய வீட்டையும் போலீஸ் சோதனை போட்டது. கஞ்சா கணிசமாகவே சிக்கியது.

மாலை ஆறரை மணிவாக்கில், வேலை நேரத்திலேயே, அவரும் இன்னும் இருவரும் வெளியே வந்தார்கள். அவருடைய காருக்குள் ஒரு நொடி ஏறி இறங்கினார்கள். பிறகு பக்கத்தில் நின்ற வெள்ளை கட்லஸ் காருக்குள் போய் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் மற்ற இருவரும் ஆலைக்குள் திரும்பிவிட்டார்கள். போலீஸ் வந்து கதவைத் திறந்தபோது இவர் மட்டும் பின் சீட்டில் இருந்தார். காருக்குள் கஞ்சா புகை. முன் சீட்டுப் பக்கத்துச் சாம்பல் கிண்ணத்தில் ஒரு கஞ்சா சிகரெட் எரிந்துகொண்டிருந்தது.

வளாகத்துக்குள் போதைப்பொருளைக் கொண்டுவந்தாலோ உட்கொண்டாலோ வேலை போகும் என்பது ஆலை விதி. பிப்ரவரி 7ஆம் தேதி நிர்வாகம் அவரை டிஸ்மிஸ் செய்தது. சங்கம் எதிர்த்தது. இரு தரப்பும் செய்துகொண்டிருந்த ஒப்பந்தப்படி விவகாரம் நடுவரிடம் போனது.

நடுவர் தொழிலாளியை வேலையில் திரும்பச் சேர்க்கச் சொன்னார். நிலுவைச் சம்பளமும் முழு சீனியாரிட்டியும் தரச் சொன்னார். அவர் சொன்ன காரணம் எளிமையானது. எரிந்த சிகரெட் முன்பக்கம் இருந்தது, இவர் இருந்தது பின்பக்கம். இவர் புகைத்ததை யாரும் பார்க்கவில்லை. கையில் வைத்திருந்ததற்கும் நிரூபணம் இல்லை. தொழிலாளியின் சொந்தக் காரில் கஞ்சாத் துகள்கள் கிடைத்த செய்தி நிர்வாகத்துக்கே நடுவர் விசாரணைக்குச் சில நாட்கள் முன்புதான் தெரியவந்தது. வேலையை விட்டு நீக்கியபோது கையில் இல்லாத சாட்சியத்தை வைத்து அந்த நீக்கத்தை நியாயப்படுத்த முடியாது என்று நடுவர் அதை ஏற்க மறுத்துவிட்டார். சார்ஜ் மெமோவில் இல்லாத குற்றத்தை என்கொயரி முடிகிற நேரத்தில் செருகுவதை எதிர்த்து வாதாடிய எந்தத் தொழிற்சங்கக்காரருக்கும் இந்த நியாயம் உடனே புரியும்.

நிர்வாகத்துக்குப் புரியவில்லை, அல்லது பிடிக்கவில்லை. கோர்ட்டுக்குப் போனது. போதையில் இருப்பவர் ஆபத்தான இயந்திரத்தை ஓட்டுவது பொதுநலக் கொள்கைக்கு விரோதம் என்று மாவட்ட நீதிமன்றம் நடுவர் தீர்ப்பை ரத்து செய்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஆமோதித்தது. 1987 டிசம்பர் 1ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் இரண்டையும் தூக்கியெறிந்தது, ஒருமனதாக. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பைரன் வைட்.

இந்த வழக்கைக் கேட்டதும், 'கஞ்சா கேஸுக்குப் போய் கோர்ட் துணை நிற்பதா?' என்றுதான் தோன்றும். ஆனால் உச்ச நீதிமன்றம் அந்தத் தொழிலாளியை நல்லவர் என்று சொல்லவில்லை. நடுவர் சரியாகத் தீர்ப்பளித்தார் என்றுகூடச் சொல்லவில்லை. அது சொன்னது வேறு: நடுவர் சாட்சியங்களை எடைபோட்டதில் பெரிய தவறே செய்திருந்தாலும், அவர் நேர்மையாக ஒப்பந்தத்தைப் படித்து அதற்குள் நின்று முடிவெடுத்திருந்தால், அதைத் திருத்துவது நீதிபதியின் வேலை அல்ல. இரு தரப்பும் பேசி விலைகொடுத்து வாங்கியது அந்த நடுவரின் தீர்ப்பைத்தான், நீதிபதியின் தீர்ப்பை அல்ல.

தவறான தீர்ப்பையும் நிற்கவிடு என்று ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றமே சொல்வது முதலில் நெருடும். எனக்கு அது சரியென்றே படுகிறது. வேலை போன தொழிலாளிக்கு மிகவும் அவசரமானது காலம். அந்தக் காலத்தைக் காப்பாற்றுகிற ஏற்பாடு இது. இதற்கு அந்த நாடு கொடுத்த விலையும் சின்னதல்ல. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஸ்டிரைக்குக்கு ஈடாகக் கிடைத்தது

அமெரிக்காவில் தொழிற்சங்கம் உள்ள ஆலைகளில் கூட்டு ஒப்பந்தம் என்பது சம்பள உயர்வோடு முடிவதில்லை. 'நியாயமான காரணம் இல்லாமல் யாரையும் நீக்கக் கூடாது' என்ற ஒரு வரி அநேகமாக எல்லா ஒப்பந்தங்களிலும் இருக்கும். யாரையாவது நீக்கினால் சங்கத்தின் ஷாப் ஸ்டூவர்ட் முதலில் ஃபோர்மேனிடம் பேசுவார். தீரவில்லையென்றால் மேலாளர், பிறகு நிர்வாகமும் சங்கமும் உட்காரும் கூட்டம் என்று படிப்படியாகப் போகும். அங்கும் தீராவிட்டால் நடுவர். பல இடங்களில் அரசின் சமரச அமைப்பு ஏழு நடுவர்களின் பெயர்ப் பட்டியலைத் தரும். இரு தரப்பும் மாறி மாறி ஒவ்வொரு பெயராக அடித்துக்கொண்டே வருவார்கள், மிஞ்சுகிறவர் நடுவர். செலவைப் பெரும்பாலும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்வார்கள்.

இதைச் சங்கங்கள் சும்மா வாங்கவில்லை. ஒப்பந்தக் காலம் முடியும்வரை ஸ்டிரைக் செய்வதில்லை என்று எழுதிக்கொடுத்துத்தான் வாங்கின. தோழரை அநியாயமாக நீக்கினால் மறுநாள் காலை ஆலை வாசலில் உட்காருவது தொழிலாளியின் பழைய ஆயுதம். அதைக் கீழே வைத்துவிட்டு நடுவரின் பேச்சைக் கேட்கிறேன் என்று ஒத்துக்கொள்கிறார்கள். அந்த நடுவரின் தீர்ப்பு தனக்குப் பிடிக்காதபோதெல்லாம் முதலாளி கோர்ட்டுக்கு ஓடலாம் என்றால் தொழிலாளி ஆயுதத்தைக் கொடுத்து வெறும் காகிதத்தை வாங்கியதாகிவிடும்.

இந்தக் கணக்கைச் சட்டமாக நிலைநாட்டியது 1960 ஜூன் 20ஆம் தேதி. அன்று ஒரே நாளில் மூன்று தீர்ப்புகள் வந்தன. மூன்றிலும் ஒரு தரப்பு உருக்குத் தொழிலாளர் சங்கம். மூன்றையும் எழுதியவர் நீதிபதி வில்லியம் டக்ளஸ். தொழிற்சங்க வட்டாரத்தில் இன்றுவரை அவற்றை 'உருக்குத் தொழிலாளர் முத்தீர்ப்பு' என்றே சேர்த்துச் சொல்கிறார்கள்.

மூன்றில் என்டர்பிரைஸ் வீல் அண்ட் கார் வழக்கைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஒரு தொழிலாளியை நீக்கியதைக் கண்டித்துச் சிலர் வேலையை விட்டு வெளியேறினார்கள். சங்கப் பொறுப்பாளரே அவர்களை உள்ளே போகச் சொன்னார். முதலில் வரலாம் என்ற நிர்வாகம் பிறகு மனம் மாறி, அவர்களுக்கும் வேலை இல்லை என்றது. நடுவர் இரு பக்கமும் பார்த்தார். வெளிநடப்பு தவறுதான், ஆனால் அதற்குப் பத்து நாள் சஸ்பென்ஷன் போதும், டிஸ்மிஸ் அதிகம் என்றார். பத்து நாள் சம்பளத்தையும் இடையில் வேறெங்காவது சம்பாதித்ததையும் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்து வேலையில் சேர்க்கச் சொன்னார். இதற்குள் ஒப்பந்தமே காலாவதியாகிவிட்டிருந்தது. அதைச் சாக்காக வைத்து மேல்முறையீட்டு நீதிமன்றம் நடுவர் உத்தரவின் ஒரு பகுதியை வெட்டியது. டக்ளஸ் அதை ஏற்கவில்லை. நடுவர் தன் இஷ்டப்படி ஒரு நீதியை வழங்க முடியாது, அவருடைய தீர்ப்பின் ஊற்று ஒப்பந்தமாகவே இருக்க வேண்டும். அது அப்படி இருக்கும்வரை, ஒப்பந்தத்துக்கு நடுவர் சொல்லும் பொருளும் நீதிபதி சொல்லும் பொருளும் வேறுபட்டாலும் நடுவருடையதே நிற்கும் என்று எழுதினார்.

அவருடைய வாதத்தில் இன்னொரு சரடும் உண்டு. ஆலைக்கென்று எழுதப்படாத ஒரு சட்டம் இருக்கிறது. எந்த ஃபோர்மேன் எதைக் கண்டுகொள்ளாமல் விடுவார், எந்தத் தப்புக்கு இதுவரை என்ன தண்டனை கொடுத்தார்கள், எந்த வசவு அந்த ஷாப்பில் சகஜம், எது அடிதடியில் முடியும் என்பதெல்லாம் அதில் அடக்கம். நீதிபதி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இந்தப் பழக்கம் அவருக்கு இருக்காது. இரு தரப்பும் நம்பித் தேர்ந்தெடுத்த நடுவருக்கு அது இருக்கும், இருக்க வேண்டும் என்பதால்தான் அவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

நட்டும் விமானமும்

கதவை இப்படி அடைத்த பிறகும் முதலாளிகளின் வக்கீல்கள் ஒரு ஜன்னலைத் தேடிக்கொண்டார்கள். அதன் பெயர் பொதுநலக் கொள்கை. கோர்ட் எந்த ஒப்பந்தத்தையும் பொதுநலனுக்கு எதிராக அமல்படுத்தாது என்பது பழைய விதி. 'இவனை வேலையில் வைப்பது பொதுமக்களுக்கு ஆபத்து' என்ற வாதம் எண்பதுகளில் கோர்ட்டுக்குக் கோர்ட் ஒலித்தது.

கலிஃபோர்னியாவில் ஒரு கார் பட்டறையின் மெக்கானிக் ஒரு வண்டியின் சக்கர நட்டுகளைச் சரியாக முடுக்காமல் விட்டுவிட்டார். இதே தவறுக்கு முன்பே எச்சரிக்கை வாங்கியவர் அவர். சக்கரம் கழன்றால் உயிர் போகும். நிர்வாகம் டிஸ்மிஸ் செய்தது. கவனக்குறைவு மோசமானதுதான் என்று ஒத்துக்கொண்ட நடுவர், 120 நாள் சம்பளமில்லா சஸ்பென்ஷன் போதும் என்றார். 1989இல் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் விரிவான அமர்வாகக் கூடி நடுவர் பக்கமே நின்றது. வாகனங்கள் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்ற கொள்கை உண்டு; ஒரு முறை தவறிய மெக்கானிக் இனி நட்டைத் தொடவே கூடாது என்ற கொள்கை எந்தச் சட்டத்திலும் இல்லை.

விமானி விஷயத்தில் நீதிபதிகள் இரண்டுபட்டார்கள். குடிப்பழக்கத்தால் வேலை இழந்த நார்த்வெஸ்ட் விமானி ஒருவரை, விமானப் போக்குவரத்து ஆணையம் திரும்ப உரிமம் தந்தால் சேர்த்துக்கொள்ளலாம் என்று நடுவர் குழு சொன்னதை 1987இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. அடுத்த வருஷமே, போதையில் பயணிகள் விமானத்தை ஓட்டிய டெல்டா விமானியை வேலையில் சேர்க்கச் சொன்ன தீர்ப்பை அட்லாண்டா நீதிமன்றம் ரத்து செய்தது. பயணிகள் விமானத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் உயிர் விமானியின் கையில் என்பதால் அந்த நீதிபதிகளின் பதற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் பதற்றத்தைச் சட்டமாக்கினால் அது விமானியோடு நிற்காது. கிரேன் ஓட்டுபவர், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர், கொதிகலன் காப்பவர் என்று அடுத்தடுத்துப் போய்க்கொண்டே இருக்கும். எந்த ஆலை வேலைதான் ஆபத்து இல்லாதது?

2000 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஓர் எல்லை போட்டது. மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரி நிறுவனமான ஈஸ்டர்ன் அசோசியேட்டட் கோல் நிறுவனத்தில் பொதுச் சாலைகளில் கனரக வண்டி ஓட்டிய ஒரு தொழிலாளி 1996இல் ஒரு முறை, 1997இல் ஒரு முறை என்று இரண்டு தடவை கஞ்சா பரிசோதனையில் மாட்டினார். முதல் முறை நடுவர் சம்பளமில்லாமல் முப்பது நாள் தள்ளிவைத்துச் சிகிச்சைக்கு அனுப்பினார். இரண்டாவது முறை அவர் விதித்த நிபந்தனைகளைக் கேளுங்கள்: மூன்று மாதத்துக்கு மேல் சம்பளம் கிடையாது, இரண்டு நடுவர் விசாரணைகளின் செலவையும் நிறுவனத்துக்கும் சங்கத்துக்கும் அவரே திருப்பித் தர வேண்டும், சிகிச்சையும் பரிசோதனையும் தொடர வேண்டும், தேதி போடாத ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட வேண்டும், ஐந்து வருஷத்துக்குள் இன்னொரு முறை மாட்டினால் அதில் தேதி விழும். பதினேழு வருஷம் நன்றாக வேலை செய்தவர், குடும்பத்தில் ஒரு சிக்கல் என்று சத்தியம் செய்து சொன்னதை நடுவர் நம்பினார்.

நீதிபதி ஸ்டீபன் பிரையர் எழுதிய தீர்ப்பு கூர்மையானது. கோர்ட் கேட்க வேண்டிய கேள்வி, 'ஓட்டுநர் கஞ்சா பிடிப்பது பொதுநலனுக்கு விரோதமா?' என்பதல்ல, அதற்கு யாரும் ஆம் என்பார்கள். 'இந்த நிபந்தனைகளோடு அவரை வேலையில் சேர்ப்பது ஏதாவது ஒரு சட்டத்தின் தெளிவான, வரையறுக்கப்பட்ட கொள்கைக்கு விரோதமா?' என்பதே கேள்வி. போக்குவரத்துச் சட்டங்களை எடுத்துப் பார்த்தால் அவை பரிசோதனையையும் சொல்கின்றன, மறுவாழ்வுச் சிகிச்சையையும் சொல்கின்றன. ஆகவே விரோதமில்லை. ஒரு நிர்வாகமே தானாக இதே நிபந்தனைகளோடு அவரைச் சேர்த்துக்கொண்டிருந்தால் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். நடுவர் சொன்னால் மட்டும் அது எப்படிக் குற்றமாகும்?

தோற்றவர்கள்

இதுவரை சொன்னதெல்லாம் தொழிலாளி ஜெயித்த கதைகள். நடுவர் தீர்ப்பு இறுதியானது என்ற கத்தி அந்தப் பக்கமும் வெட்டும். நடுவரிடம் தோற்ற தொழிலாளிக்கும் கோர்ட் கதவு அடைத்ததுதான். நடுவரிடம் போவதா வேண்டாமா என்பதை முடிவுசெய்வதும் சங்கமே. தனி ஆள் தானாகப் போய் நிற்க முடியாது. சங்கம் சோம்பேறியாகவோ, அந்தத் தொழிலாளியைப் பிடிக்காததாகவோ இருந்தால்?

ஒஹையோவில் ஆங்கர் மோட்டார் ஃப்ரெயிட் என்ற லாரி நிறுவனத்தின் டிரைவர்கள் சிலர் 1967 ஜூனில் வேலை இழந்தார்கள். வெளியூர் ஓட்டத்தில் மோட்டலில் தங்கிய செலவைக் கூட்டி எழுதி ரசீது கொடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அவர்கள் கொடுத்த ரசீதில் ஒரு தொகை, மோட்டலின் பதிவு அட்டையில் அதைவிடக் குறைந்த தொகை. நிர்வாகத்துக்கு அதுவே போதுமாக இருந்தது. மோட்டலைப் போய் விசாரியுங்கள் என்று டிரைவர்கள் தங்கள் சங்கத்திடம் சொல்லிப் பார்த்தார்கள். கவலைப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டது சங்கம். நிர்வாகமும் சங்கமும் சம அளவில் உட்கார்ந்த குழு விசாரித்து நீக்கத்தை உறுதிசெய்தது.

பிறகு வழக்கில் மோட்டல் குமாஸ்தாவைச் சத்தியப்பிரமாணத்தில் விசாரித்தபோது உண்மை வெளியே வந்தது. டிரைவர்களிடம் முழுத்தொகையையும் வாங்கி ரசீது போட்டுக் கொடுத்துவிட்டு, பதிவில் குறைத்து எழுதி, வித்தியாசத்தைத் தன் பையில் போட்டுக்கொண்டவர் அந்தக் குமாஸ்தா. திருடன் என்ற பெயரோடு அந்த டிரைவர்கள் வருஷக்கணக்கில் அலைந்திருக்கிறார்கள். தங்கள் சங்கம் ஒரு நாள் மெனக்கெட்டு மோட்டலுக்குப் போயிருந்தால் போதும்.

1976இல் உச்ச நீதிமன்றம், தன் உறுப்பினரை நேர்மையாகப் பிரதிநிதித்துவப்படுத்தும் கடமையிலிருந்து சங்கம் தவறி, அதனால் நடுவர் விசாரணையே கெட்டுப்போயிருந்தால், அந்தத் தீர்ப்பு இறுதியானது என்று முதலாளி அதன் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது என்றது. இதை எழுதியவரும் நீதிபதி வைட்தான். இந்த விதிவிலக்கு இல்லையென்றால் நடுவர் முறையை நான் ஆதரிக்க மாட்டேன். ஆனாலும் வாசல் குறுகலானது. சங்கம் கவனக்குறைவாக இருந்தது என்று காட்டினால் மட்டும் போதாது. பாரபட்சம், வஞ்சம், ஏனோதானோவென்று நடந்துகொண்டது என்று நிரூபிக்க வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் இந்த வாசலைத் தாண்டி உள்ளே போகிறவர்கள் குறைவு.

இதைவிடக் கடினமான சோதனை போலீஸ் சங்கங்களிடமிருந்து வந்தது. மின்னசோட்டாவின் ரிச்ஃபீல்ட் நகரில் ஓர் இளைஞனை அறைந்து, பலப்பிரயோகம் செய்ததை அறிக்கையிலும் எழுதாமல் விட்ட ஒரு போலீஸ்காரரை நகர நிர்வாகம் நீக்கியது. நடுவர் அதைச் சஸ்பென்ஷனாகக் குறைத்தார். இடையில் ஒரு நீதிமன்றம் ரத்து செய்தும், 2019இல் மாநில உச்ச நீதிமன்றம் நடுவர் தீர்ப்பையே நிலைநாட்டியது. அடுத்த வருஷம் மே மாதம் அதே மாநிலத்தின் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸ் கையில் கொல்லப்பட்டார். காகித ஆலைத் தொழிலாளியைக் காப்பாற்றிய அதே விதி துப்பாக்கி ஏந்தியவரையும் காப்பாற்றுகிறதே என்ற கோபம் எழுந்தது. அந்தக் கோபம் நியாயமானது. அறை வாங்கிய இளைஞன் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவன் அல்லவே. மின்னசோட்டா சட்டமன்றம் செய்த திருத்தத்தைக் கவனியுங்கள்: நீதிபதிகளுக்குக் கூடுதல் அதிகாரம் கொடுக்கவில்லை, போலீஸ் வழக்குகளுக்கென்று அரசு ஆணையர் நியமிக்கும் ஆறு நடுவர்களின் பட்டியலை ஏற்படுத்தி, முறை வைத்து அவர்களிடம் வழக்கு போகும்படி செய்தது. பெயர்களை அடிக்கும் பழைய முறையில் தங்களுக்குச் சாதகமானவரைப் பிடிக்கும் வாய்ப்பு போனது. நடுவரைத் தேர்ந்தெடுப்பதில் கோளாறு என்றால் தேர்வைத் திருத்துவதே வழி. தீர்ப்பு ஒவ்வொன்றையும் கோர்ட்டில் மறுபடி விசாரிக்க ஆரம்பித்தால் போலீஸ்காரரோடு சேர்ந்து ஆலைத் தொழிலாளியும் அகப்படுவார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்தப் பாதுகாப்பெல்லாம் சங்கம் உள்ள இடத்தில்தான். 2024 கணக்கில் அமெரிக்கத் தொழிலாளர்களில் சங்க உறுப்பினர்கள் 9.9 சதவீதம், தனியார் துறையில் மட்டும் பார்த்தால் 5.9 சதவீதம். மற்றவர்களில் பெரும்பாலோரை, இனம் பாலினம் போன்ற பாகுபாடு காட்டாதவரை, முதலாளி எந்தக் காரணமும் சொல்லாமல் இன்று மாலை வீட்டுக்கு அனுப்பலாம்.

நம் ஊரில் ஏன் வேறு வழி?

இந்தியா எதிர்த் திசையில் நடந்தது. 1947ஆம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டத்தில் நடுவர் முறைக்கும் இடம் இருந்தது. 1956இல் சேர்ந்த 10ஏ பிரிவு அது. ஆனால் நீக்கப்பட்ட தொழிலாளி போகிற சாலை சமரச அதிகாரி, லேபர் கோர்ட் என்றே அமைந்தது. ஆரம்பத்தில் லேபர் கோர்ட்டுக்கும் கை கட்டித்தான் இருந்தது. 1958இல் இந்தியன் அயர்ன் அண்ட் ஸ்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம், நிர்வாகத்தின் தண்டனை மீது தீர்ப்பாயம் அப்பீல் கோர்ட் போல உட்கார முடியாது என்றது. பழிவாங்கலோ இயற்கை நீதி மீறலோ அடிப்படைத் தவறோ இருந்தால்தான் தலையிடலாம். 1971 டிசம்பர் 15 முதல் அமலுக்கு வந்த 11ஏ பிரிவு அந்தக் கட்டை அவிழ்த்தது. தண்டனை அதிகம் என்று தோன்றினால் லேபர் கோர்ட்டே குறைக்கலாம், வேலையில் சேர்க்கச் சொல்லலாம். தொழிலாளிக்குக் கிடைத்த பெரிய வெற்றி அது.

நடுவரிடம் போன மிகப் பெரிய நீக்க வழக்குகளில் ஒன்று குஜராத் ஸ்டீல் டியூப்ஸ். 1973இல் ஸ்டிரைக் செய்த நூற்றுக்கணக்கான தொழிலாளர்களை அந்த ஆலை நீக்கியது. 10ஏ பிரிவின்படி நியமித்த நடுவர் நீக்கம் சரி என்றார். உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. 1979 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத்தின் பக்கம் நின்றது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். இந்த வகை நடுவரும் தீர்ப்பாயத்துக்குச் சமம், தண்டனையைக் குறைக்கும் 11ஏ அதிகாரம் அவருக்கும் உண்டு, அவர் அதைச் செய்யத் தவறினால் உயர் நீதிமன்றம் தலையிடலாம் என்றார். அமெரிக்க விதி இங்கே இருந்திருந்தால் அத்தனை குடும்பங்களும் நடுவரோடு முடிந்திருக்கும். அந்தத் தீர்ப்பின் மனிதநேயத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அதே திறந்த கதவு வழியாகத்தான் நிர்வாகங்களும் நுழைகின்றன. சென்னையில் லேபர் கோர்ட் தீர்ப்பை வாங்கிய தொழிலாளி அடுத்து உயர் நீதிமன்றத்தில் ரிட், பிறகு இரண்டு நீதிபதிகள் முன் ரிட் அப்பீல், பிறகு டெல்லி என்று போயாக வேண்டும். நிர்வாகம் ஸ்டே வாங்கினால், 1984இல் வந்த 17பி பிரிவின்படி இடைக்காலத்தில் சம்பளம் கிடைக்கும். ஆனால் அது கடைசியாக வாங்கிய சம்பளம். அதற்குப் பிறகு ஷாப்பில் எல்லாருக்கும் எத்தனை ஒப்பந்தம் போட்டுச் சம்பளம் ஏறியிருந்தாலும் இவருக்கு நீக்கிய அன்றைய தொகைதான்.

புனேயின் பாரத் ஃபோர்ஜ் தொழிற்சாலையில் 1983 ஆகஸ்ட் 26ஆம் தேதி, பகல் 11.40க்கு, ஒரு தொழிலாளி வேலை இடத்தில் இரும்புத் தகட்டின் மேல் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். முன்பு மூன்று முறை தவறு செய்து சிறு தண்டனையோடு தப்பியவர். நிர்வாகம் நீக்கியது. லேபர் கோர்ட் தண்டனை அதிகம் என்றது. பிறகு மேலே மேலே ஏறி, 2005 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் நீக்கம் சரியென்று முடித்தது. ஒரு பகல் தூக்கத்துக்கு இருபத்தோரு வருஷ வழக்கு. முடிவு யாருக்குச் சாதகம் என்பதைத் தள்ளிவையுங்கள். மிஸ்கோ வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போயும் ஐந்து வருஷத்துக்குள் முடிந்தது. கோர்ட்டுக்கே போகாத ஆயிரக்கணக்கான அமெரிக்க நீக்க வழக்குகள் நடுவரோடு அதைவிட வேகமாக முடிகின்றன.

2025 நவம்பர் 21 முதல் பழைய தொழில் தகராறு சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் தொகுப்பு வந்திருக்கிறது. லேபர் கோர்ட் போய், நீதித்துறை உறுப்பினர் ஒருவரும் நிர்வாகத்துறை உறுப்பினர் ஒருவருமாக இரண்டு பேர் உட்காரும் தீர்ப்பாயம் வருகிறது. நீக்கப்பட்டவர் தீர்ப்பாயத்தை அணுகும் கெடு மூன்று வருஷத்திலிருந்து இரண்டாகக் குறைகிறது. தொழிலாளிக்குக் கெடுவைக் குறைத்தவர்கள், மேலே ரிட், அப்பீல் என்று நிர்வாகம் இழுத்தடிக்கும் காலத்துக்கு எந்தக் கெடுவும் வைக்கவில்லை. இதை எதிர்த்துச் சங்கங்கள் பேச வேண்டும்.

பேசிக்கொண்டே இன்னொரு வேலையையும் செய்யலாம். இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் நடுவரிடம் போகலாம் என்ற பழைய ஏற்பாட்டைப் புதிய தொகுப்பும் வைத்திருக்கிறது. ஒரகடத்திலும் ஓசூரிலும் கோவையிலும் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சம்பள ஒப்பந்தம் பேசுகிற சங்கங்கள், சம்பளம், போனஸ், கேன்டீன் எல்லாம் பேசி முடித்த பிறகு நீக்கத்தைப் பற்றியும் ஒரு ஷரத்து கேட்கலாம்: இரு தரப்பும் நம்புகிற ஐந்து பேரின் பட்டியல், செலவு பாதிப் பாதி, தொண்ணூறு நாளில் தீர்ப்பு, தீர்ப்பு வந்த மறுநாளே நடப்புச் சம்பளத்தில் வேலை. குஜராத் தீர்ப்பு இருப்பதால் அந்த நடுவர் அநியாயம் செய்தால் உயர் நீதிமன்றமும் இருக்கிறது. அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தைக்கான கோரிக்கைப் பட்டியல் தயாராகும்போது இந்த ஷரத்து முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.